தோங்தேமுனில் இரவுக் கொள்முதல்

சியோல் நகரின் தோங்தேமுன் சரித்திரக் கலாசாரப் பூங்கா நிலையத்தில் 2, 4, 5 என மூன்று மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கின்றன. இரவு எட்டு மணிவாக்கில் அங்கே இறங்குகிறவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். கேமராவும் கையுமாக மேற்கே திரும்புகிறவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள். பழகிய ஷூ, தோளில் காலிப் பை, போனில் கடை எண்களின் பட்டியல் என்று கிழக்கே வேகமாக நடப்பவர்கள் துணி எடுக்க வந்தவர்கள்.

இரண்டு பாதைகளுக்கும் நடுவே வெள்ளி நிறத்தில் வளைந்து கிடக்கிறது டிடிபி எனப்படும் தோங்தேமுன் டிசைன் பிளாசா கட்டடம். பழைய விளையாட்டரங்கத்தை இடித்த இடத்தில், ஜாஹா ஹதீத் வடிவமைத்து 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. 45,133 அலுமினியத் தகடுகள் போர்த்திய அந்தக் கட்டடத்துக்கு மேற்கே தூட்டா, மிலியோரே போன்ற சில்லறை மாடிகள். கிழக்கே ஏபிஎம், டிசைனர் கிளப், நுஜோன், சொங் பியோங்ஹ்வா என்று மொத்த வியாபாரக் கட்டடங்கள். சில இரவு எட்டு மணிக்குத் திறக்கும், சில நள்ளிரவில். விடியற்காலை ஐந்து மணியைத் தாண்டினால் பல மாடிகளில் விளக்கு அணைந்துவிடும். பூசானிலும் தேகுவிலும் துணிக்கடை வைத்திருந்தவர்கள் பகலெல்லாம் கடையைப் பார்த்துவிட்டு, இரவுப் பேருந்தில் வந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குள் ஊர் திரும்பிய காலத்தில் பழகிப்போன நேரம் இது. ஆன்லைன் கடைகள் பெருகிய பிறகும் அது மாறவில்லை.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ சின்னதாக ஒரு பொட்டிக் நடத்துபவர் 'கொரியா டிரெஸ்' விற்கலாம் என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்த கேள்வி யாரை வைத்து வாங்குவது என்பதுதான். மாதம் ஒரு முறை விமானம் ஏறிச் சியோலுக்கு வந்துபோகச் சின்னக் கடைக்குக் கட்டாது. வாங்கித் தரும் ஆளை அமர்த்தத்தான் வேண்டும். ஆனால் அப்படி அமர்த்துவதற்கு முன் ஒரே ஒரு இரவாவது இந்தக் கட்டடங்களுக்குள் தன் காலால் நடந்து பார்ப்பது நல்லது. எந்த வேலையை அடுத்தவர் கையில் கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் புரியும்.

ஏபிஎம் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே முதல் முறை வருபவருக்குத் திசை தப்பிவிடும். எந்தத் தளத்தில் இறங்கினாலும் ஒரே மாதிரி நடைவழி, ஒரே மாதிரி வெள்ளை விளக்கு. கடை என்பது நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும் இடம். அதற்குள் மாதிரித் துணிகள் நெருக்கியடித்துத் தொங்கும். சரக்கின் பெரும்பகுதி கண்ணில் படாது, வேறெங்கோ கிடங்கில் இருக்கும். போட்டுப் பார்க்க அறை கிடையாது. படம் எடுக்காதீர்கள் என்ற அறிவிப்பு பல கடைகளில் ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு துணி கேட்டால் விற்பனைப் பெண் தலையை அசைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பாள். ஒரு நிறத்தில் குறைந்தது இரண்டு எடுக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். விலை ஒரு முறை சொல்வார்கள். பேரம் பேசி நேரத்தை இழுப்பவரை யாருக்கும் பிடிக்காது. பின்னால் நிற்பவர் ஒரே டிசைனில் நூறு உருப்படி எடுக்க வந்தவராக இருக்கலாம்.

ஒரு கட்டடம் என்றால் சமாளித்துவிடலாம். இங்கே ஏறத்தாழ முப்பது வணிகக் கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தோலாடை வேண்டுமென்றால் குவாங்ஹி மார்க்கெட். சற்று விலை கூடிய, வெட்டு நேர்த்தியான பெண்கள் உடைக்கு ஏபிஎம் வரிசைக் கட்டடங்கள். தினப்படி விற்கும் விலை மலிந்த சரக்குக்கு வேறு இடம். இதையெல்லாம் தலைக்குள் வரைபடமாக வைத்திருப்பவர்களை இங்கே 'சாயிப் சம்சோன்' என்கிறார்கள், கொள்முதல் சித்தப்பா. கடைப் பெண்கள் அவர்களைக் கூப்பிடுவதே 'சம்சோன்' என்றுதான். வெளியூர்க் கடைகளுக்காக இரவெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்கிச் சரக்கைச் சேர்த்து அனுப்பிய இந்த ஆட்களிலிருந்துதான் இன்றைய கொள்முதல் சேவை வளர்ந்தது. தனியாளாக ஓடுகிறவர்கள் இன்றும் உண்டு. கிடங்கு, கணினிக் கணக்கு, ஏற்றுமதிப் பிரிவு, சீனமும் ஆங்கிலமும் பேசும் ஊழியர் என்று நிறுவனமாக நடத்துகிறவர்களும் உண்டு. 'சின்சாங் மார்க்கெட்' போன்ற செயலிகள் கடைகளின் புது வரவுகளைப் படத்தோடு காட்டி, ஆர்டர் எடுத்து, சேகரித்து அனுப்பும் வேலையையும் செய்கின்றன.

இரவு பதினொரு மணிக்கு மேல் நுஜோன் பக்கத்து நடைபாதையில் நடக்க இடம் கிடைப்பது கடினம். இடுப்பு உயரத்துக்குப் பிளாஸ்டிக் மூட்டைகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. மூட்டையின் வயிற்றில் கறுப்பு மார்க்கரால் கடைப் பெயர். பாதிப் பெயர்கள் சீன எழுத்தில். உள்ளே நடைவழியில் ஓர் இளைஞர் ஒவ்வொரு கடை வாசலிலும் குனிகிறார். கட்டி வைத்திருக்கும் பையின் மேல் பெயரைப் பார்க்கிறார், பில்லை உருவுகிறார், பைக்குள் விரலை விட்டு மடிப்புகளை எண்ணுகிறார், தோளில் தொங்கும் பெரிய பைக்குள் தள்ளுகிறார். ஒரு கடைக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பை கனத்ததும் கீழே கொண்டுபோய் மூட்டையில் கொட்டிவிட்டு அடுத்த தளத்துக்கு ஓட்டம். அவர் எண்ணுகிறார், அவ்வளவுதான். துணியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஜிப் ஓடுகிறதா, அக்குளில் தையல் விட்டிருக்கிறதா, வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை விழுந்திருக்கிறதா என்று பார்க்க அந்த இடத்தில் வெளிச்சம் இருந்தாலும் நேரம் இல்லை.

பொட்டிக்காரர் கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். எடுத்துவருவது ஒரு வேலை, சரிபார்ப்பது இன்னொரு வேலை. விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் 'கொள்முதல் சேவை' என்று எழுதப்பட்டிருக்கலாம். பேசும்போது பிரித்துக் கேட்க வேண்டும். துணியைப் பிரித்து, விளக்கின் கீழ் விரித்து, பிசிறு வெட்டி, பட்டன் இழுத்துப் பார்க்கும் மேஜை அவர்கள் கிடங்கில் இருக்கிறதா? இருந்தால் அதை நேரில் காட்டச் சொல்லலாம். பழுது கண்டால் மறுநாள் இரவே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்களா? இந்தச் சந்தையில் பணத்தைத் திரும்பத் தரும் பழக்கம் அரிது. மாற்றுத் துணி கொடுப்பார்கள், அல்லது அந்தத் தொகையை அதே கடையில் வரவு வைப்பார்கள். அதுவும் சில நாட்களுக்குள் கேட்டால்தான். பழுது சென்னையில் பெட்டி பிரிக்கும்போது தெரிந்தால் அந்தத் துணி பொட்டிக்காரர் தலையில்தான்.

அடுத்தது பில். கடைகள் எழுதித் தரும் கைச்சீட்டை வியாபாரிகள் 'ஜாங்கி' என்கிறார்கள். கடையின் பெயர், கட்டடம், தளம், கடை எண், டிசைன் பெயர், நிறம், எண்ணிக்கை, விலை எல்லாம் அந்தத் துண்டுச் சீட்டில் அடங்கிவிடும். விலையில் கடைசி மூன்று சுழியை விட்டுவிட்டு 32 என்று எழுதியிருந்தால் 32,000 வொன் என்று பொருள். அந்தச் சீட்டின் படம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தன் கைக்கு வருமா என்பதைப் பொட்டிக்காரர் முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். வராது என்றால் அங்கிருந்து எழுந்துவிடுவதே மேல்.

கமிஷன் விகிதத்தை மட்டும் பார்த்து ஆள் பிடிப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு கணக்குக்கு, 10 லட்சம் வொன்னுக்கு 40 உருப்படி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 சதவீதம் கேட்கிறார், ஒரு லட்சம் ஆயிற்று. இன்னொருவர் 5 சதவீதம், 50,000 போதும் என்கிறார். ஆனால் கடைச் சீட்டைக் காட்டாமல் தன் பட்டியலை மட்டும் அனுப்பும் அந்த இரண்டாமவர் உருப்படிக்கு 2,000 வொன் ஏற்றி எழுதினால் அதுவே 80,000. குறைந்த கமிஷன்காரருக்குக் கொடுத்தது 1,30,000 ஆகிவிடுகிறது. இதில் பண நட்டத்தைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எந்தக் கடையில் எடுத்தது என்று தெரியாததால், அந்த டிசைன் நன்றாக ஓடும்போது வேறு ஆள் மூலம் மறுபடி வாங்க முடியாது. கடை எண் யாரிடம் இருக்கிறதோ அவர் கையில்தான் வியாபாரத்தின் பிடி.

இனி, சரக்கு வராத கதை. தோங்தேமுன் வியாபாரத்தில் 'மிசோங்' என்றால், பணம் கட்டியாயிற்று, துணி இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இது மோசடி அல்ல, இந்தச் சந்தை வேலை செய்யும் முறையே அப்படி. கடைக்காரர் ஒரு டிசைனைக் கொஞ்சமாகத் தைத்துத் தொங்கவிடுவார். ஆர்டர் குவிந்தால் அன்றே துணி வாங்கி, அன்றே வெட்டக் கொடுப்பார். இரண்டு மூன்று நாளில் சரக்கு வரும். சில வேளை துணியே தீர்ந்துபோய் வாரம் ஆகும், அல்லது வராமலே போகும். கட்டிய பணம் அந்தக் கடையில் வரவாகக் கிடக்கும். பத்துக் கடைகளில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடந்தால் சின்ன பொட்டிக்கின் கைமுதலில் நல்ல பங்கு கண்ணுக்குத் தெரியாமல் முடங்கிவிடும்.

நல்ல கொள்முதல்காரரை அடையாளம் காண மிசோங் பட்டியலைவிடத் துல்லியமான சோதனை கிடையாது. எந்தக் கடையில் எத்தனை உருப்படி பாக்கி, எந்தத் தேதிக்குச் சொல்லியிருக்கிறார்கள், தவறினால் பணம் எப்படித் திரும்பும் என்று தினமும் விடியற்காலையில் ஒரு பட்டியல் அனுப்புகிறவர் இருந்தால், இரண்டு சதவீதம் கூடக் கொடுத்தாவது அவரை வைத்துக்கொள்ளலாம். 'எல்லாம் வந்துவிடும்' என்று மட்டும் சொல்கிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம். புதியவர் ஒருவரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நாலைந்து கட்டடங்களில் பரவிய கடைகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டே உருப்படி என்று ஒரு சிறு ஆர்டர் கொடுப்பது. அதில் ஏதாவது ஒன்று மிசோங் ஆகாமல் இருக்காது. அப்போது அவர் என்ன சொல்கிறார், எப்போது சொல்கிறார், கேட்ட பிறகா கேட்காமலா என்று பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும் வேலையையும் சேர்த்தே ஒப்படைக்கலாமா? 'உங்கள் கடைக்கு ஏற்ற டிசைனை நாங்களே எடுத்து அனுப்புகிறோம்' என்று சொல்லும் சேவைகளுக்கு ஈர்ப்பு அதிகம். ஆனால் இங்கே விற்கும் உடைகளில் பெரும்பகுதி ஃப்ரீ சைஸ். கொரியப் பெண்களின் 44, 55, 66 என்ற அளவுகளை மனத்தில் வைத்து வெட்டியது. தமிழ்ப் பெண்களில் பலருக்கு அந்தச் சட்டை தோளில் சரியாக உட்கார்ந்தும் மேல்கையில் பிடிக்கும், மார்பில் பட்டன் இழுக்கும். நீளக்குறைவான ஸ்கர்ட் ஒன்று சியோலில் நூறு விற்கும், நம் ஊர்ப் பக்கம் ஒன்றுகூட நகராது. இது சியோலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கண் பொட்டிக்காரருடையதாகவே இருக்கட்டும், காலும் கையும் மட்டும் வாடகைக்கு எடுக்கட்டும். முதல் பருவத்திலாவது அப்படித்தான் செய்ய வேண்டும். கொள்முதல்காரரிடம் மார்புச் சுற்றளவு, மேல்கைச் சுற்றளவு, முழு நீளம் ஆகிய மூன்றையும் நாடா வைத்து அளந்து, சென்டிமீட்டரில் எழுதி அனுப்பச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும். அளந்து அனுப்ப மறுக்கும் சேவை எதற்கும் உதவாது.

டிடிபியைத் தாண்டித் தெற்கே குவாங்ஹிதோங் சந்துக்குள் நுழைந்தால் பெயர்ப் பலகைகள் சட்டென்று ரஷ்ய எழுத்துக்கு மாறுகின்றன. உஸ்பெக் ரொட்டி அடுப்பு, மங்கோலிய உணவகம், இவற்றுக்கு இடையே சரக்கு அனுப்பும் அலுவலகங்கள். 1990இல் தென்கொரியாவும் சோவியத் யூனியனும் தூதரக உறவு கண்ட பிறகு, ரஷ்யாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் மூட்டை வியாபாரிகள் இங்கே துணி எடுக்க வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போடவும் மூட்டையை ஏற்றி அனுப்பவும் எழுந்த தெரு இது. வாங்கிய சரக்கை ஏற்றி அனுப்புவதும் கொள்முதல் சேவையின் வேலைதான் என்பதை நினைவூட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

காகிதங்கள் சரியாக இல்லாவிட்டால் நல்ல சரக்கும் சுங்கத்தில் நிற்கும். கொரியாவில் மதிப்புக் கூட்டு வரி 10 சதவீதம். கடையில் சொல்லும் விலையில் பெரும்பாலும் அது சேர்வதில்லை. வரி பில் கேட்டால் விலைக்கு மேல் அந்தப் பத்துச் சதவீதம் ஏறும். ஏற்றுமதிக்குப் பூஜ்ய வரி என்றாலும், அதற்கு முறைப்படி ஏற்றுமதி ஆவணம் போடும் நிறுவனம் வேண்டும். இந்தியாவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே 2010 ஜனவரி 1 முதல் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அதன் சுங்கச் சலுகை கிடைக்க வேண்டுமென்றால் சரக்கு கொரியாவில் உருவானது என்ற மூலச் சான்றிதழ் வேண்டும். தோங்தேமுனில் தொங்கும் துணி எல்லாம் கொரியாவில் தைத்தவை அல்ல. சீனாவில் தைத்து வந்ததும் கலந்திருக்கிறது. சீன லேபிளைப் பிரித்துவிட்டுக் கொரிய லேபிளைத் தைக்கும் தில்லுமுல்லு நடப்பதால் சியோல் மாநகராட்சியும் சுங்கத் துறையும் சோதனை நடத்திப் பிடித்திருக்கின்றன. ஆகவே எங்கே தைத்தது என்பதை உருப்படிவாரியாக எழுதிக் கையெழுத்திடுவீர்களா என்று கேட்பதில் தயக்கமே கூடாது. சீனச் சரக்கு என்று தெரிந்து வாங்குவதில் தவறில்லை. கொரியச் சரக்கு என்று சொல்லி வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டால் அது பொய்யாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. டிடிபியைச் சுற்றி இரவில் விரியும் மஞ்சள் கூடாரங்களில் பெரிய பிராண்டுகளின் போலிகள் விற்று, அறிவுசார் சொத்து அதிகாரிகள் பறிமுதல் செய்த கதை ஊரறிந்தது. 'பிராண்டு மாதிரி' என்ற சொல்லோடு வரும் எதையும் எடுக்க வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுவது நல்லது. ஒரு போலிக் கைப்பைக்காக முழுப் பெட்டியும் விமான நிலையத்தில் தங்கிவிடும்.

விடிந்த பிறகு நடையை வடக்கே திருப்பினால், 2005இல் மீட்டெடுக்கப்பட்ட சொங்கேசொன் ஓடை குறுக்கிடும். ஓடைக்கரையில் நீளமாகப் படுத்திருக்கிறது 1960களின் தொடக்கத்தில் எழுந்த பியோங்ஹ்வா மார்க்கெட். கொரியப் போரில் வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் கால் ஊன்றிய இடம். கீழே கடை, மேலே தையல் கூடம் என்று கட்டினார்கள். அந்த மேல்மாடிக் கூடங்களில் கூரையைத் தாழ்த்தி, நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில் சின்னப் பெண்களை உட்கார வைத்துத் தைத்தார்கள். அங்கே துணி வெட்டும் வேலை பார்த்த ஜொன் தே-இல் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர், தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி 1970 நவம்பர் 13 அன்று மார்க்கெட் வாசலில் தீக்குளித்து உயிர் துறந்தார். கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் திருப்புமுனை அந்த நாள். அவருடைய வெண்கலச் சிலை பாலத்தின் மேல் இருக்கிறது. இரவில் மூட்டை தூக்கிய இளைஞர்கள் காலையில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். மலிவான விலை ஒன்றைக் கேட்டு மகிழும்போது, அந்த விலை யாருடைய கூலியிலிருந்து குறைந்தது என்று கேட்கும் கடமை வாங்குபவருக்கு இருக்கிறது. தூரத்தில் இருந்துகொண்டு ஆள் வைத்து வாங்குபவருக்கு அந்தக் கடமை இன்னும் கூடுதல்.

ஓடைக்கு அக்கரையில், 1869இல் புதுப்பித்துக் கட்டிய ஹுங்கின்ஜிமுன் கோட்டை வாசலுக்கு அருகே, துணியும் பட்டனும் லேஸும் விற்கும் தோங்தேமுன் பொதுச் சந்தை. அதன் பின்னால் மலைச்சரிவில் ஏறுகிறது சாங்சின்தோங். ஜப்பானியக் காலனியக் காலத்தில் கருங்கல் வெட்டி எடுத்த பாறைமுகம் இன்றும் வீடுகளுக்கு மேல் நிற்கிறது. சந்துகளில் தையல் எந்திரச் சத்தம், சன்னல் குழாய்களிலிருந்து இஸ்திரி ஆவி. பின்சீட்டில் துணிச் சுருள் கட்டிய மோட்டார் சைக்கிள்கள் செங்குத்தான பாதையில் முனகிக்கொண்டு ஏறுகின்றன. ஒரு கூடத்தில் வெட்டு, அடுத்த வீட்டில் தையல், மூன்றாவதில் காஜா, பட்டன் என்று ஒரு சட்டை தெருவுக்குள்ளேயே பிறந்துவிடுகிறது. இரவில் ஏபிஎம்மில் கொடுத்த ஆர்டர் இரண்டு மூன்று நாளில் மூட்டையாக வருவது இந்த மலையால்தான். தைப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய தொழிலைச் சொல்ல 2018இல் இங்கே ஒரு தையல் வரலாற்று அருங்காட்சியகம் திறந்தார்கள்.

கொள்முதல் நிறுவனங்களில் சில, வாடிக்கையாளரை இந்த மலைக்கும் அழைத்து வருகின்றன. சந்தையில் நன்றாக ஓடிய டிசைனைப் பார்த்து அப்படியே தைப்பதற்கு அல்ல, பொட்டிக்கின் சொந்த டிசைனுக்காக. பொதுச் சந்தையில் துணி தேர்ந்து, மேல்கையில் மூன்று சென்டிமீட்டர் தளர்த்தி, கீழே சற்று நீளம் கூட்டி, முதலில் ஒரே ஒரு மாதிரி தைத்து வாங்க வேண்டும். அதை ஊருக்கு எடுத்துப்போய் நாலு வாடிக்கையாளருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை உருப்படிக்குக் குறையாமல் தைப்பார்கள், கூலி உருப்படிக்கு எவ்வளவு, வெட்டி மிஞ்சிய துணி யாருக்கு என்ற பேச்சு அதன் பிறகுதான். இந்தப் பேச்சில் கொள்முதல்காரர் இரண்டு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருப்பார். தையல்காரர் சொன்ன கூலியைக் கொரிய மொழியிலேயே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதையும் பில்லோடு இணைக்கச் சொல்ல வேண்டும்.